வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிக்கு அனுமதி மறுக்கப்பட்டால் செய்யவேண்டியது யாது?

கன்னியாகுமரி ஜில்லாவின் மேற்குக் கோடியில், விளவங்கோடு தாலுகாவைச் சேர்ந்த களியக்காவிளையையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் கண்டவர்கள், அங்கே வீடுகள் தெருவாக அமையாமல், ஒவ்வொன்றும் தன் தன் விளையின் நடுவே தனித்து நிற்பதை அறிவார்கள். தெங்கும் பலாவும் அயனியும் வாழையும் மரச்சீனியும் அடர்ந்த புரையிடம், அதன் நடுவே வீடு, வீட்டின் பக்கத்தே குடிநீர்க் கிணறு என்பதே இப்பகுதியின் பழைய அமைப்பாகும். விளை ஏக்கர் கணக்கில் இருந்த காலத்தில், வீட்டுக் கழிவு எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவேண்டிய அவசியம் நேரவில்லை. கிணற்றுக்கும் கழிப்பிடத்துக்கும் இடையே வேண்டிய தூரம் தானாகவே கிடைத்தது.

இப்போது அந்நிலைமை இல்லை. பாகப்பிரிவினையால் விளைகள் பத்துச் சென்ட், ஐந்து சென்ட் மனைகளாகச் சிறுத்துவிட்டன. நெல் விளைந்த ஏலாக்கள் பல இடங்களில் மண்ணிட்டு நிரப்பப்பட்டு, அவற்றின் மேல் வீடுகள் எழுந்துள்ளன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறும் ஒரு செப்டிக் டாங்கும் வேண்டியிருப்பதால், ஒருவருடைய கழிவுக் குழி அடுத்தவருடைய கிணற்றுக்கு அருகே வந்து சேருகிறது. இந்நிலையில் வீட்டு வரைபடத்தோடு கொடுத்த விண்ணப்பம், கழிவுநீர் ஏற்பாடு சரியில்லை என்ற காரணத்தால் மறுக்கப்படும்போது, மனைக்காரர் மனம் நொந்து, சிபாரிசு தேடி அலைகிறார். அல்லது உத்தரவை மேசையில் போட்டுவிட்டு, அனுமதியின்றியே குழியைத் தோண்டிவிடுகிறார். இவ்விரண்டும் தவறான வழிகள். மேல்முறையீடு என்ற நேரான வழி ஒன்று இருக்கிறது. அதில் ஜயிப்பதற்கு வேண்டியது கெஞ்சுதலன்று, அளவுகளே என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விஷயத்தில் வேளாண்மை இலாகாவுக்கு என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். மண் எவ்வளவு விரைவில் நீரை உறிஞ்சும், ஊற்று எந்த ஆழத்தில் நிற்கும், மழைக்குப் பின் எவ்வளவு உயரும் என்பவை யாவும் குடியானவன் நாள்தோறும் கண்டறிந்தவை. மனுவை முடிவு செய்பவையும் அவையே.

தொட்டி செய்யும் வேலை எது, செய்யாத வேலை எது?

செப்டிக் டாங்குக்குள் கழிவு விழுந்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது சரியன்று. தொட்டியில் கனமான பொருள்கள் அடியில் வண்டலாகப் படிகின்றன. இலேசானவை மேலே ஏடாக மிதக்கின்றன. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் இவற்றைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. இடையில் நிற்கும் நீர் மட்டும் வெளியேறுகிறது. அந்நீர் பார்வைக்குத் தெளிவாயிருப்பினும் நோய்க்கிருமிகள் அதில் ஏராளமாக உண்டு. அவற்றை வடிகட்டி அழிக்கும் வேலையைச் செய்வது தொட்டியன்று. உறிஞ்சு குழிக்கு அப்பாலுள்ள மண்ணே. ஆகையால் தொட்டியை எவ்வளவு செலவில் கட்டினாலும், அதற்கு அடுத்துள்ள மண் போதிய கனமும், ஊற்றுக்கு மேலே போதிய உயரமும் உடையதாயில்லாவிட்டால், செலவு வீணாகும்.

1854 ஆம் வருஷத்தில் லண்டன் நகரத்துப் பிராட் தெருவில் வாந்திபேதி பரவி அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அத்தெருக் குழாய்க் கிணற்றின் நீரே காரணம் என்று ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் எடுத்துக்காட்டினார். மறு வருஷம் தோண்டிப் பார்த்தபோது, ஒரு வீட்டின் சிதைந்த கழிவுக் குழி அக்கிணற்றுக்கு மூன்றடிக்கும் குறைவான தூரத்தில் இருந்து, அதன் கசிவு கிணற்றை நோக்கிச் சென்றிருப்பது கண்டறியப்பட்டது. அந்தக் கிணற்று நீர் தெளிவாகவும் ருசியாகவும் இருந்ததால் பலர் அதை விரும்பிக் குடித்துவந்தனர். நம் கிணற்று நீரும் தெளிவாயிருக்கிறதே என்று திருப்தியடைபவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

நம் பகுதியில் வேறொரு விசேஷமும் உண்டு. செம்பொறை என்றும் வெட்டுக்கல் என்றும் வழங்கும் மண்ணில் இயற்கையாகவே துளைகளும் இடுக்குகளும் இருக்கின்றன. நீர் அவற்றின் வழியே மண்ணில் வடிகட்டப்படாமலே ஓடிவிடக்கூடும். “என் குழியில் எவ்வளவு நீர் விட்டாலும் நிற்பதில்லை” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அந்நீர் எங்கே போகிறது என்று அயலார் விசாரிப்பது நலம்.

அனுமதி மறுக்கப்படும் காரணங்கள்

மறுப்பு உத்தரவுகளில் காணும் காரணங்கள் பெரும்பாலும் நான்கில் அடங்கும்.

முதலாவது, உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள தூரம் போதாமை. இந்தியத் தர நிர்ணயத்தின் 2470 ஆம் எண் விதித்தொகுப்பு, நிலத்துக்குள் கழிநீரை விடும் ஏற்பாடு குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 60 அடிக்குக் குறையாத தூரத்திலும், குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டருக்குக் குறையாத தூரத்திலும் இருக்கவேண்டும் என்கிறது. அலுவலகம் எந்த விதியின் எந்த அளவைக் கொண்டு மறுத்தது என்பதை உத்தரவில் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு இதற்குக் குறைவாயிருந்தாலும், இடமுள்ளவர்கள் 18 மீட்டரையே கைக்கொள்ளுதல் உசிதம்.

இரண்டாவது, ஊற்று நீர்மட்டம் மிக மேலே இருத்தல். நிரப்பப்பட்ட ஏலா நிலங்களில் இது சாதாரணம்.

மூன்றாவது, தொட்டியின் அமைப்பு. அடித்தளம் பூசாமல் உறைகளை இறக்கிவிட்டு, வரைபடத்தில் ‘செப்டிக் டாங்க்’ என்று எழுதிவிடுகிறார்கள். அடி திறந்திருப்பது தொட்டியாகாது. அது வெறும் உறிஞ்சு குழியே. தொட்டியிலிருந்து வரும் நீரைச் சாலையோர ஓடையில் விடுவதாகக் காட்டும் படங்களும் இவ்வகையில் சேரும்.

நான்காவது, மனையின் வகைப்பாடு, எல்லை, ஆவணம் ஆகியவற்றிலுள்ள குறைகள். கழிவுநீர் ஏற்பாட்டைப் பற்றிய வாதம் எதுவும் இதற்குப் பயன்படாது. வருவாய்க் கணக்கிலேயே இதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இத்தாலுகா 1956 ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதிவரை மலையாள நாட்டு ஆட்சியின் கீழ் இருந்தமையால், பழைய ஆதாரங்கள் பல மலையாளத்தில் உள்ளன. அவற்றை மனுவோடு சேர்ப்பவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பையும் சேர்த்தல் அவசியம்.

ஐந்து சென்ட் மனையின் கணக்கு

மேற்சொன்ன தூரம் எவ்வளவு கடினமானது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. எனவே ஐந்து சென்ட் 2,178 சதுர அடியாகும். அது சதுரமான மனையாயின் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 47 அடி. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 66 அடி. ஆகவே கிணறு ஒரு மூலையிலும் குழி எதிர் மூலையிலும் மதிலை ஒட்டி இருந்தாலன்றி 60 அடி கிடைப்பதற்கில்லை. அவ்வாறு வைத்தால் நம் கிணறு தப்பும். ஆனால் குழி அயலார் மதிலின் அடியிலல்லவா வந்து நிற்கிறது? அவருடைய கிணறு மதிலுக்கு அப்பால் பத்தடியில் இருக்கலாம்.

சொந்தக் கிணற்றிலிருந்து மட்டும் அளந்து படம் போட்டு, அயலார் கிணறுகளைக் காட்டாமல் விடுவதே இத்தகைய விண்ணப்பங்களில் காணும் பெருங்குறை. பார்வையிட வருபவர் அதைக் கண்டுபிடித்தால் விண்ணப்பம் விழுந்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால் அயலார் குழந்தை நோயில் விழும். களியக்காவிளையின் மேற்கே எல்லைக்கு அப்பால் உள்ளது கேரளத்துப் பாறசாலை. மாநில எல்லையில் மனை உள்ளவர்கள், அப்பால் உள்ள கிணற்றையும் படத்தில் காட்டவேண்டும். ஊற்றுநீர் எல்லைக்கல்லைக் கண்டு நிற்பதில்லை.

2024 ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல், 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீடு கட்டுவோருக்குச் சுயசான்றின் பேரில் அனுமதி வழங்கும் முறை தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்துள்ளது. மேற்படி ஐந்து சென்ட் மனை இவ்வளவுக்குள் அடங்குவதைக் கவனிக்கவும். மிகச் சிறிய மனை, அதாவது கிணறும் குழியும் மிக நெருங்கும் மனை எதுவோ, அதற்கே மனைக்காரரின் வாக்கு ஆதாரமாகிறது. இது சௌகரியம், அதோடு பெரும் பொறுப்புமாகும். அம்முறையில் அனுமதி பெறுவோரும் பின்வரும் அளவுகளைத் தாமே எடுத்துப் பார்த்துக்கொள்வது கடமை.

உத்தரவு கையில் கிடைத்ததும் செய்யவேண்டியவை

உத்தரவு கிடைத்த தேதியை அதன் மேலேயே குறித்து, உறையையும் பத்திரப்படுத்துக. மேல்முறையீட்டுக் கெடு உத்தரவு கிடைத்த நாளிலிருந்தே எண்ணப்படும். கெடு எத்தனை நாள், மனு யாருக்குப் போகவேண்டும், கட்டணம் எவ்வளவு என்பவற்றை உத்தரவு அனுப்பிய அலுவலகத்திலேயே எழுத்து மூலம் கேட்டறிக. எவ்வாறாயினும் முப்பது நாளுக்குள் மனுவைக் கொடுத்துவிடுவது என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

அடுத்தபடியாக, மறுப்புக்குக் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். ‘விதிகளுக்கு முரணாயுள்ளது’ என்ற ஒரு வரி காரணமாகாது. எந்த விதி, எந்த அளவு, எங்கே குறை என்பவை இருக்கவேண்டும். மொஹிந்தர் சிங் கில் என்பவர் தொடர்ந்த வழக்கில், சட்டப்படியான அதிகாரியின் உத்தரவு அதில் எழுதிய காரணங்களைக் கொண்டே நிற்கவேண்டும், பின்னால் புதிய காரணங்களைச் சேர்த்து அதைத் தாங்கிப் பிடித்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1978 ஆம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுதியில் காணும் இவ்வழக்கு தேர்தல் சம்பந்தமானதே எனினும், அதன் கொள்கை நிர்வாக உத்தரவுகளுக்கெல்லாம் எடுத்தாளப்படுகிறது. ஆகையால் உத்தரவில் எழுதிய காரணத்துக்கு மட்டும் பதில் எழுதுக. எழுதாததைத் தாமே கற்பித்துக்கொண்டு மறுப்பது வேண்டியதில்லை.

பார்வையிட்ட அலுவலரின் குறிப்பும் அளவுகளும் தெரியவேண்டுமானால், 2005 ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தரப்படவேண்டும். அப்பதிலுக்காக மேல்முறையீட்டைத் தாமதிக்க வேண்டாம். நகல் பின்னர் வந்தால் கூடுதல் இணைப்பாகக் கொடுக்கலாம்.

திட்ட அனுமதி மறுக்கப்பட்டவர் நியமிக்கப்பட்ட மேலதிகாரியிடம் முறையிடுவதற்கு, 1971 ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 79 ஆவது பிரிவு இடந்தருகிறது. அவ்வழி முடிந்த பின்னரே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடுதல் முறை. இடையிலுள்ள படியைத் தாண்டிச் செல்பவரை, முதலில் அங்கே போய் வருக என்று நீதிமன்றம் திருப்பி அனுப்புவது வழக்கம்.

எடுக்கவேண்டிய அளவுகள் மூன்று

(1) கிணறுகளின் தூரம். குழிக்கு உத்தேசித்த இடத்தில் ஒரு முளை அடித்து, அதிலிருந்து நூறடிச் சுற்றளவில் உள்ள எல்லாக் கிணறுகளுக்கும், அவை எவருடையவையாயினும், நாடா பிடித்து அளக்க. புலப்படத்தின் நகலில் அவற்றைக் குறித்து, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பதையும் அம்புக்குறியால் காட்டுக. குழி கிணற்றுக்கு மேட்டுப்புறத்தில் அமையக்கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். அளக்கும்போது கிராம நிர்வாக அலுவலரையும் அயலாரையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது. அயலார் கையொப்பம் இட்ட படம், பின்னால் ஆட்சேபணை எழாமல் தடுக்கும்.

(2) ஊற்றின் ஆழம். நிலமட்டத்திலிருந்து கிணற்று நீர்மட்டம் வரை கயிற்றால் அளக்க. இப்பகுதிக்கு ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் என இரண்டு மழைக்காலங்கள் உண்டாகையால், பங்குனியில் எடுத்த அளவைக் காட்டி, ஊற்று இருபதடியில் இருக்கிறது என்று வாதிப்பது நில்லாது. கோடையில் மனுச் செய்யவேண்டி நேர்ந்தால், கிணற்று உறையில் மழைக்கால நீர் விட்ட கறையின் ஆழத்தையும் அளந்து, இரண்டையும் ஒளிக்காமல் எழுதுக. தமக்குப் பிரதிகூலமான அளவையும் எழுதியவரின் மற்ற அளவுகள் நம்பப்படும்.

(3) நீர் உறிஞ்சும் சோதனை. இதற்குக் கருவிகள் வேண்டுவதில்லை. மண்வெட்டி, அளவுகோல், கடிகாரம் போதும். உறிஞ்சு குழி அல்லது சால் அமைய உத்தேசித்த ஆழத்துக்கு, பத்து முதல் முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு குழி தோண்டுக. மண்வெட்டி மெழுகிய பக்கங்களைக் கத்தியால் கீறிவிட்டு, உதிரி மண்ணை நீக்கி, அடியில் 5 சென்டிமீட்டர் பருமணலோ சிறு சரளையோ இடுக. அதன் மேல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் நீர் ஊற்றி, இராமுழுவதும் ஊறவிடுக. மறுநாள் காலையில் நீர் எஞ்சியிருந்தால், சரளைக்கு மேல் 15 சென்டிமீட்டர் நிற்கும்படி செய்து, அரைமணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க. எஞ்சியிராவிட்டால் 15 சென்டிமீட்டருக்கு நிரப்பி, அரைமணிக்கொரு முறை அளந்து மீண்டும் நிரப்பி, நான்கு மணி நேரம் தொடர்க. கடைசி அரைமணியின் இறக்கமே கணக்குக்குரியது. மணற்பாங்கான நிலத்தில் பத்து நிமிஷத்துக்கொரு முறையாக ஒரு மணி நேரம் பார்த்தால் போதும்.

2.5 சென்டிமீட்டர் இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்பதே மண்ணின் வேகம். உதாரணமாக, கடைசி அரைமணியில் 5 சென்டிமீட்டர் இறங்கினால் வேகம் 15 நிமிஷம். 2 சென்டிமீட்டர் இறங்கினால் 37½ நிமிஷம். 1 சென்டிமீட்டர் மட்டும் இறங்கினால் 75 நிமிஷம்.

அளவுகள் கூறும் தீர்ப்பு

மேற்படி தர நிர்ணயம் இவ்வளவுகளுக்கேற்ற ஏற்பாட்டைப் பின்வருமாறு வகுக்கிறது.

ஊற்று 1.8 மீட்டருக்குக் கீழே இருந்து, மண்ணின் வேகம் 30 நிமிஷத்துக்கு மேற்படாவிட்டால் உறிஞ்சு குழியோ உறிஞ்சு சாலோ அமைக்கலாம். குழியின் அகலம் 90 சென்டிமீட்டருக்கும், நீர் விழும் குழாய்க்குக் கீழே ஆழம் ஒரு மீட்டருக்கும் குறையலாகாது. வேகம் 30 க்கு மேல் 60 நிமிஷம் வரை இருந்தால் ஆழக் குழி உதவாது. அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை ஆழமுள்ள சால்களே ஏற்றவை. ஒரு சால் 30 மீட்டருக்கு மேல் நீளவும், இரண்டு சால்கள் 1.8 மீட்டருக்குக் கிட்டே நெருங்கவும் கூடாது. 60 நிமிஷத்துக்கு மேற்பட்ட கடுங்களிமண்ணில் நீரை மண்ணுக்குள் விடாமல், சரளை நிரப்பிய தொட்டியில் கீழிருந்து மேலாக ஏறச்செய்து வடிகட்டிப் பின் வெளியேற்றவேண்டும். ஊற்று 1.8 மீட்டருக்குள் இருக்கும் இடத்தில், நிலமட்டத்துக்கு மேலே மண்மேடு போட்டு அதில் சால் அமைக்கவேண்டும்.

தொட்டியின் அளவும் அத்தொகுப்பிலேயே உண்டு. ஐந்து பேருள்ள வீட்டுக்கு, ஆண்டுக்கொரு முறை வண்டல் அகற்றுவதானால், நீளம் 1.5 மீட்டர், அகலம் 75 சென்டிமீட்டர், நீரின் ஆழம் 1 மீட்டர். பத்துப் பேருக்கு நீளம் 2 மீட்டர், அகலம் 90 சென்டிமீட்டர், ஆழம் 1 மீட்டர்; இரண்டு ஆண்டுக்கொரு முறை அகற்றுவதானால் ஆழம் 1.4 மீட்டர். நீர்மட்டத்துக்கு மேல் 30 சென்டிமீட்டர் வெற்றிடம் விடவேண்டும். அடியும் பக்கமும் கசியாதபடி பூசப்பட்டிருத்தல் முக்கியம்.

இவற்றை ஒப்பிட்டுப் பார்த்ததும் மனைக்காரருக்கு உண்மை விளங்கிவிடும். உத்தரவு தவறான அளவைக் கொண்டு மறுத்திருந்தால் மேல்முறையீடு செய்க. உத்தரவு சரி, ஆனால் ஏற்பாடுதான் தவறு என்று தெரிந்தால், படத்தைத் திருத்திப் புதிய விண்ணப்பம் கொடுக்க. மேல்முறையீட்டில் மாதங்களைக் கழிப்பதினும் அது விரைவில் பலிக்கும். குழியை மாற்ற இடமே இல்லாதபோது, அடுத்தடுத்த இரண்டு மூன்று மனைக்காரர்கள் கூடி, கிணறுகளை ஒருபுறமும் குழிகளை மறுபுறமுமாக அமைத்துக்கொள்ளலாம். பாகம் பிரிக்கும்போதே சகோதரர்கள் இவ்வாறு பேசி, பத்திரத்தில் எழுதிவைத்தால் பிற்காலச் சச்சரவு குறையும்.

மனுவின் மாதிரி

மனு சுருக்கமாயிருத்தல் வேண்டும். கீழ்க்கண்ட மாதிரியைத் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

“1. என் கட்டட விண்ணப்பத்தை மறுத்த உத்தரவு ...... தேதியில் எனக்குக் கிடைத்தது. நகல் முதல் இணைப்பு.

2. உறிஞ்சு குழி கிணற்றுக்குப் போதிய தூரத்தில் இல்லை என்பதே உத்தரவில் கண்ட ஒரே காரணம்.

3. என் மனையிலும் சுற்று மனைகளிலும் உள்ள கிணறுகள் குழியிலிருந்து முறையே ......, ......, ...... மீட்டர் தூரத்தில் உள்ளன. கிராம நிர்வாக அலுவலரும் அயலாரும் உடனிருக்க ...... தேதியில் அளந்த படம் இரண்டாம் இணைப்பு.

4. நீர் உறிஞ்சும் சோதனையில் 2.5 சென்டிமீட்டர் இறங்க ...... நிமிஷம் ஆயிற்று. ஊற்றின் ஆழம் இப்போது ...... மீட்டர், மழைக்காலக் கறையின்படி...... மீட்டர். சோதனைக் குறிப்பு மூன்றாம் இணைப்பு.

5. ஆகையால் இடத்தை நேரில் பார்வையிட்டு, மறுப்பு உத்தரவை நீக்கி அனுமதி வழங்கும்படியும், அஃது இயலாதெனில் எத்திருத்தத்தோடு அனுமதி கிடைக்கும் என்பதைக் காரணங்களோடு தெரிவிக்கும்படியும் வேண்டிக்கொள்கிறேன்.”

ஐந்தாவது பத்தியின் பிற்பாதியை விட்டுவிட வேண்டாம். மேல்முறையீடு தள்ளுபடியானாலும், அடுத்த விண்ணப்பத்துக்கு அப்பதில் வழிகாட்டும். மனுவை நேரில் கொடுத்தால் தேதியிட்ட ஒப்புகையும், அஞ்சலில் அனுப்பினால் பதிவு இரசீதும் பெற்றுக்கொள்க.

வண்டலும் விளைநிலமும்

அனுமதி கிடைத்துத் தொட்டி கட்டியதோடு கடமை முடியவில்லை. வண்டல் நிறைந்த தொட்டியில் நீர் தங்கித் தெளிய இடமிராது. அழுக்கு நேரே உறிஞ்சு குழிக்குச் சென்று மண்ணின் கண்களை அடைத்துவிடும். குறித்த காலத்தில் வண்டலை எந்திர வண்டியால் உறிஞ்சி எடுப்பிக்க வேண்டும். மனிதரைத் தொட்டியில் இறக்குவது 2013 ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். தொட்டியிலும் சாக்கடையிலும் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 ஆம் வருஷம் அக்டோபர் மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. தொட்டிக்குள் தேங்கும் விஷவாயு கண்ணுக்குத் தெரியாது. ஒருவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மடிவதுண்டு.

எடுத்த வண்டலை வாழைத் தோட்டத்திலோ தென்னையின் பாத்தியிலோ அப்படியே கொட்டச் செய்து உரம் கிடைத்ததென்று மகிழ்பவர்கள் சிலர் உண்டு. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பது மெய்யே. ஆயினும் குடற்புழுக்களின் முட்டைகள் மண்ணில் நெடுநாள் சாகாமல் இருந்து, வெறுங்காலோடு வேலை செய்வோரையும் கீரை உண்போரையும் சேரும். பச்சை வண்டலை நிலத்தில் விடுவதை இவ்விலாகா ஊழியன் எவனும் ஆதரிக்கமாட்டான். வண்டலைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே அனுப்பவேண்டும் என்பது 2014 ஆம் வருஷத்தில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் சாரம். இரட்டைக் குழிக் கழிப்பிடம் உடையவர்கள் மட்டும், ஒரு குழியை மூடி ஓராண்டுக்கும் மேலாக, கூடுமானால் இரண்டாண்டு, ஆறவிட்டு, மக்கி மண்ணான பின் மரப்பயிர்களுக்கு இடலாம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

அளக்கும் நாளில் உடனிருந்து கையொப்பம் இடுவது கிராம உத்தியோகஸ்தர்களுக்குச் சிறு வேலையாகத் தோன்றலாம். அக்கையொப்பம் ஒரு குடும்பத்தின் வீட்டையும் சுற்றியுள்ள குடும்பங்களின் குடிநீரையும் ஒருசேரப் பாதிக்கிறது. நேரில் காணாத அளவுக்குச் சான்று தருவதும், கண்ட அளவுக்குச் சான்று தரத் தாமதிப்பதும் ஒன்றுபோலத் தவறானவை. மழைக்கால முடிவில் கிராமத்தின் சில கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்து குறித்து வைத்தால், கோடையில் மனுச் செய்பவருக்கும் பார்வையிட வருபவருக்கும் அது பெரிதும் உதவும். பயிர்க் கணக்குக்கும் அக்குறிப்பு பயன்படும்.

வீடு கட்ட உத்தேசித்திருப்போர், அஸ்திவாரத்துக்கு முன்னரே கிணறு, தொட்டி, குழி மூன்றுக்கும் முளை அடித்து, வருகிற கார்த்திகையில் ஊற்றின் உயரத்தை அளந்து வைத்துக்கொள்வார்களாக. உத்தரவு எப்படி வந்தாலும் அவ்வளவு உதவும்.